நீலகிரிப் புல்வெளியில் மலை நடை: ராயபுரம் முதல் முக்கூர்த்தி வரை

நீலகிரி மலையின் மேற்கு விளிம்பில், குந்தா மலைத்தொடரிலும் முக்கூர்த்திச் சிகரத்தைச் சுற்றியும், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் மரமில்லாத புல்வெளி அலையலையாக விரிந்து கிடக்கிறது. பள்ளங்களில் மட்டும் குட்டை மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைக்காடு. மேட்டிலும் சரிவிலும் புல். இங்கு வந்த ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் நாட்டின் ஹீத்தர் செடி படர்ந்த மூர் நிலங்களும் புல்மேடுகளும் நினைவுக்கு வந்தன. அதனால்தான் ஊட்டிக்கு அருகிலுள்ள ஒரு பெரும் புல்வெளிக்கு, 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் 'வென்லாக் டவுன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் புல்வெளியின் குறுக்கே நடந்தவர்களைப் பற்றி நான்கு நூற்றாண்டுகளாக எழுத்துப் பதிவுகள் இருக்கின்றன. எழுதியவர்களில் பலருக்கு இது ஆளில்லாத வெற்றிடமாகவே தெரிந்தது. அந்தப் பார்வையால் இந்த நிலம் இழந்தது மிக அதிகம்.

சென்னைக் கரையிலிருந்து மலைக்கு

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து ஊட்டிக்குச் செல்வோர் பலர் சென்னைக் கடற்கரையில்தான் முதலில் கால் வைத்தார்கள். அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகுக்காரர்கள் அலையைக் கடந்து ஆட்களைக் கரை சேர்ப்பார்கள். 1834 ஜூன் 10 அன்று மெக்காலே அப்படித்தான் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங் பிரபு அப்போது ஊட்டியில் இருந்ததால், அவரைச் சந்திக்க பெங்களூர், மைசூர் வழியாக ஏறத்தாழ 400 மைல் பல்லக்கில் சென்றார். பயணம் மெக்காலேயின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அந்த 400 மைலையும் முறைவைத்துச் சுமந்து நடந்த பல்லக்குத் தூக்கிகளில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. மலை நடையின் வரலாற்றைப் படிக்கும்போது, உண்மையில் நடந்தவர் யார் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

ரயில் வந்ததும் பயணம் மாறியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அந்தப் பாதை நீண்டு 1862இல் மலபார் கரையிலுள்ள பேப்பூரைத் தொட்டது. அதன் பிறகு ராயபுரத்தில் ஏறி போத்தனூரில் இறங்கினால் நீலகிரி அடிவாரம் கிட்டத்தில்தான். 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடைக் காலத்தில் கோப்பும் குமாஸ்தாக்களுமாக ஊட்டிக்குக் குடிபெயரத் தொடங்கியது. 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. ராயபுரத்தின் மவுசு படிப்படியாகக் குறைந்தது. மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் எட்டியது. இன்று ராயபுரம் நிலையத்தின் தூண்களைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது ஒரு காலத்தில் ஊட்டிக்கான வாசலாக இருந்தது என்பது தெரியும்?

எழுத்தில் பதிவான முதல் நடைகள்

மலைக்கு மேலே சென்று எழுதி வைத்த முதல் ஐரோப்பியர் பாதிரியார் ஃபெனிசியோ. இயேசு சபையைச் சேர்ந்த இவர் 1603இல் மலபார் பக்கத்திலிருந்து ஏறினார். வழிதவறிப்போன கிறிஸ்தவர்கள் மலைமேல் வாழ்கிறார்கள் என்ற வதந்தியே காரணம். அவர் கண்டது தோடர்களை. கண்ணாடியும் நூல்கண்டும் பரிசாகக் கொடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினார். அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு வெளியுலகின் பேரேடுகளில் இந்த மலை ஏறக்குறைய இல்லை.

1812இல் கோயம்புத்தூர் கலெக்டரின் உத்தரவுப்படி நில அளவையாளர் வில்லியம் கீஸ் மேலே சென்று ஒரு குறிப்பும் வரைபடமும் தயாரித்தார். 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு இளம் அதிகாரிகள் தணாயக்கன்கோட்டைப் பக்கமாக ஏறினார்கள். அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. மறு ஆண்டு ஜனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினார். அவருடன் சென்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ, நோயுற்றிருந்த தன் உடல் மலைக் குளிரில் தேறியதை எழுதினார். 'சுகவாச ஸ்தலம்' என்ற பேச்சு பரவ இது ஒரு காரணமாயிற்று. சல்லிவன் முதலில் கோத்தகிரி அருகே திம்பட்டியில் தங்கினார். 1822இல் ஊட்டியில் கல் வீடு எழுப்பத் தொடங்கினார்.

'ஊட்டியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன்' என்பது பொது அறிவுப் புத்தகங்களில் தவறாமல் வரும் ஒருவரி விடை. இந்த விடையை மாற்ற வேண்டும். ஊட்டி என்ற பெயரே உதகமந்து என்ற தோடர் குடியிருப்பின் பெயரிலிருந்து வந்தது. சல்லிவன் ஏறிய வழி, படுகர் ஊர்களுக்கு இடையே மாடும் மனிதரும் நடந்து நடந்து உண்டான வழி. தோடர் நெய் கொடுத்தார்கள், படுகர் தானியம் கொடுத்தார்கள், கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து கொடுத்தார்கள், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் காலடிப் பாதைகளில் நடந்தது.

சல்லிவனுக்கு ஒரு பெருமையை மறுக்க முடியாது. புல்வெளி தோடர்களின் உடைமை, அதை எடுத்தால் ஈடு தர வேண்டும் என்று அவர் அரசிடம் வாதாடினார். ஆளுநர் லஷிங்டன் காலத்து நிர்வாகம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மேய்ச்சல் உரிமை வேறு, மண்ணின் உரிமை வேறு என்ற பாகுபாடு அப்போதே நுழைந்துவிட்டது.

தோடரின் வழிகள்

தோடருக்கு இந்தப் புல்வெளியில் பெயரில்லாத இடம் குறைவு. ஒவ்வொரு குன்றுக்கும் ஓடைக்கும் சதுப்புக்கும் பாறைக்கும் பெயர் உண்டு. 1930களில் தோடர் மொழியை ஆராய்ந்த எமனோ, அவர்களுடைய பாடல்களைத் தொகுத்து 1971இல் வெளியிட்டார். அந்தப் பாடல்களில் இடப்பெயர்கள் இணை இணையாக வந்துகொண்டே இருக்கும். வரைபடம் இல்லாத சமூகம் நிலத்தைப் பாட்டில் வைத்துக் காப்பாற்றியது என்று சொல்லலாம்.

ஆண்டின் வறண்ட மாதங்களில் ஊட்டிப் பக்கத்துப் புல் காய்ந்துவிடும். அப்போது எருமைகளை ஓட்டிக்கொண்டு மேற்கே குந்தாப் பக்கத்து மந்துகளுக்குக் குடும்பத்துடன் செல்வது தோடர் வழக்கம். புனித எருமைகளுக்கு என்று தனிப் பால்மனைக் கோயில்கள், தனிப் பூசாரிகள், தனிச் சடங்குகள். இந்த இடப்பெயர்வுகளை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட 'தி தோடாஸ்' நூலில் நுணுக்கமாக எழுதியிருக்கிறார். அவர் கள ஆய்வு செய்த காலத்தில் தோடர் எண்ணிக்கை சுமார் 800 மட்டுமே.

இறப்புக்குப் பிறகும் நடை ஓய்வதில்லை. தோடர் நம்பிக்கையில் இறந்தோர் உலகம் மேற்கே இருக்கிறது. உயிர் பிரிந்தவர் புல்வெளியின் குறுக்கே, குறிப்பிட்ட கற்களையும் ஓடைகளையும் கடந்து அங்கே நடந்து செல்கிறார். அது கற்பனை வழி அல்ல. காலால் நடந்து பின்பற்றக்கூடிய வழி. ஊட்டியைச் சேர்ந்த பல் மருத்துவரும் ஆய்வாளருமான தருண் சாப்ரா, தோடர் பெரியவர்களுடன் இத்தகைய வழிகளில் பல ஆண்டுகள் நடந்து 2015இல் தோடர் நிலவெளி பற்றிப் பெரிய நூலாக எழுதினார்.

1950களிலும் 60களிலும் கனடாவின் உதவியுடன் எழுந்த குந்தா நீர்மின் திட்டம் இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் அணைகளை நிறைத்தது. அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு என்று இன்று சுற்றுலாப் படங்களில் அழகாகத் தெரியும் ஏரிகளுக்கு அடியில் மேய்ச்சல் நிலங்கள் கிடக்கின்றன.

ஹீத்தர் நிலமும் நீலகிரியும்

ஹீத்தர் என்பது முழங்கால் உயரம் வளரும் ஒரு குறுஞ்செடி. கோடை முடிவில் ஊதாப் பூ பூக்கும். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் குளிர்ந்த, புளித்த மண்ணில் மைல் கணக்கில் படர்ந்திருக்கும். அந்தச் செடி நீலகிரியில் கிடையாது. ஆனால் அதன் குடும்பம் இங்கே உண்டு. புல்வெளியில் தனித்தனியாக நின்று செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப் பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், ஹீத்தரின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தடித்த பட்டை இருப்பதால் புல் தீயையும் தாங்கி நிற்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சியோ வேறு குடும்பம். கடைசியாக 2018இல் பரவலாகப் பூத்தது.

வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு நிலங்களின் கதையும் நேர் எதிரானது. பிரிட்டனின் ஹீத்தர் நிலம் பெரும்பாலும் மனிதர் உண்டாக்கியது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டை அழித்து, ஆடு மேய்த்து, பிற்காலத்தில் குரௌஸ் பறவை வேட்டைக்காகப் பட்டை பட்டையாகத் தீ வைத்து அதைக் காத்துவருகிறார்கள். தீயும் மேய்ச்சலும் நின்றால் பல இடங்களில் மரம் திரும்ப வந்துவிடும்.

நீலகிரிப் புல்வெளியும் அப்படி மரம் வெட்டி உண்டானதுதான் என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். 1993இல் ஆர். சுகுமார் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. மலைச் சதுப்புகளின் அடியில் மக்கிப் படிந்த கரிமண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பன் அணுக்களின் எடை வேறுபாட்டை அளந்தார்கள். வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கார்பனை வெவ்வேறு விதமாக எடுத்துக்கொள்வதால், எந்தக் காலத்தில் எது மிகுந்திருந்தது என்பதை அந்த மண் காட்டிக்கொடுக்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், இங்கே புல்லே ஓங்கியிருந்தது என்று தெரிந்தது. காலநிலை மாற மாற, புல்லும் காடும் மாறி மாறி முன்னேறிப் பின்வாங்கியிருக்கின்றன. கோடரி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்தது.

இன்றும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழுந்து சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. பள்ளத்தில் பெரிய மரங்களின் கவிகைக்குக் கீழே கன்று தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் சோலை பள்ளத்திலும் புல் மேட்டிலும் நிற்கின்றன. மழைக்காலம் இன்னொரு வகைச் சோதனை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இவ்வளவு நீரைத் தாங்கி, சதுப்புகளில் தேக்கி, பைக்காராவுக்கும் பவானிக்கும் மெல்ல மெல்ல விடுவது இந்தப் புல்வெளியின் வேலை.

சீகை, கற்பூர மரம், சவுக்கு

மரம் இல்லாத இடம் மரத்துக்காகக் காத்திருக்கும் இடம் என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடம் வலுவாக இருந்தது. ஊட்டியிலும் வெலிங்டன் படைமுகாமிலும் குளிர் காய விறகு வேண்டும். சோலை மரங்கள் வேகமாகத் தீர்ந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும், 1843இல் யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரமும் வந்தன. அந்த இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய் இன்று ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் 'நீலகிரித் தைலம்' என்ற பெயரில் இருக்கிறது. ஆஸ்திரேலிய மரத்துக்கு நம் மலையின் பெயர்! ஊரை நினைத்து ஏங்கியவர்கள் தங்கள் மூர் நிலங்களின் மஞ்சள் பூ முட்செடியான கோர்ஸையும் ஸ்காட்ச் புரூமையும்கூடக் கொண்டுவந்து நட்டார்கள். இரண்டும் இப்போது புல்வெளியைத் தின்னும் களைகள்.

இதே விறகுப் பசி சென்னைக் கரையிலும் வேலை செய்தது. ஆரம்ப கால ரயில் எஞ்சின்கள் விறகில் ஓடின. 1860களில் சென்னையை ஒட்டிய கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு அந்தத் தேவை ஒரு முக்கியக் காரணம். மலையிலும் கடற்கரையிலும் 'சும்மா கிடக்கிற' நிலத்துக்கு ஒரே மருந்து எழுதப்பட்டது.

வருவாய்க் கணக்கில் தரிசு, புறம்போக்கு என்று எழுதப்பட்ட இடத்துக்கு என்ன நேரும் என்பதை எண்ணூர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் மீனவர் வலை வீசிய, இருளர் கையால் தடவி இறால் பிடித்த, உப்பளத் தொழிலாளர் உழைத்த சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி ஆலைக்கும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் போய்விட்டது. யாரும் கட்டடம் கட்டாத இடத்தை யாரும் பயன்படுத்தாத இடம் என்று படிப்பது மலைக்கும் கழிமுகத்துக்கும் பொதுவாக நடந்த பிழை.

நாடு விடுதலை பெற்ற பிறகு மர நடவு குறையவில்லை, கூடியது. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழும் தேவைப்பட்டன. 1980கள் வரை புல்வெளியில் புதிய தோட்டங்கள் வைக்கப்பட்டன. நீலகிரிக்குத் தெற்கே பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு, 1973க்குப் பிந்தைய 40 ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக 2018இல் தெரிவித்தது. அந்த இடங்களில் 'காடு' கூடியிருக்கிறது என்பதால் பழைய கணக்குகளில் இது இழப்பாகவே தெரியவில்லை.

நடக்கும் உரிமை

இங்கிலாந்தில் ஹீத்தர் நிலங்கள் பிரபுக்களின் வேட்டைக் காடாக இருந்ததால் பொதுமக்கள் உள்ளே நடக்கத் தடை இருந்தது. மான்செஸ்டர் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு நடையே பெரிய விடுதலை. 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் தடையை மீறி கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். அந்தக் கிளர்ச்சியும் வளர்ந்து 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் கிண்டர் ஸ்கவுட் உள்ள பீக் டிஸ்ட்ரிக்ட் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000இல் திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமை சட்டமாயிற்று.

நீலகிரியில் கதை வேறு திசையில் போனது. 1963இல் வழக்கறிஞரும் வனவிலங்கு ஆர்வலருமான ஈ. ஆர். சி. டேவிதார் முக்கூர்த்திப் பக்கத்துப் பாறை விளிம்புகளில் நடந்து வரையாடுகளை எண்ணிப் பதிவு செய்தார். அந்த விலங்கைக் காக்க 1982இல் சரணாலயமும், 1990இல் சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்பில் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் ஏற்பட்டன. இதனால் மீந்த புல்வெளி பிழைத்தது. அதே நேரம் நடப்பதற்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. காட்டைக் காக்கும் சட்டம் வெளியாரை நிறுத்துவது நியாயம். தலைமுறை தலைமுறையாக நடந்தவரையும் அதே வரிசையில் நிறுத்தியதுதான் சிக்கல். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதைச் சரிசெய்யவே இயற்றப்பட்டது. நடைமுறை மெதுவாகவே நகர்கிறது.

கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதற்கு 2018 மார்ச் 11 ஒரு கொடிய சாட்சி. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல் சரிவில் பரவிய தீயில், சென்னையிலிருந்தும் கொங்கு மாவட்டங்களிலிருந்தும் சென்ற மலையேறிகள் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த மலைப்புல்லில் தீ மேல்நோக்கி ஓடும். மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஓடும். அதன் பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலம் முழுவதும் 40 வழித்தடங்களை வழிகாட்டிகளுடன் திறந்தது. பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி குடில், அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டா ஆகிய புல்வெளி வழிகள் அவற்றில் உண்டு. தீப்பருவத்தில் அவை மூடப்படும். வழிகாட்டிகளில் பலர் மலைவாழ் மக்களே. மெக்காலேயைச் சுமந்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று, அதாவது பெயரும் சீருடையும் கூலிக் கணக்கும், இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

புல்லை மீட்கும் வேலை

அயல் தாவரங்களை அகற்றும் கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. சீகையை வெட்டுவது எளிது, ஒழிப்பது கடினம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஆகவே வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் நாற்றைப் பிடுங்க வேண்டும், பழைய புல்லைக் கொத்துக் கொத்தாக நட வேண்டும். மரம் நடு விழாக்களுக்குப் பழகிய கண்ணுக்கு, மரத்தை எடுத்துவிட்டுப் புல் நடுவது விநோதமாகத்தான் தோன்றும்.

எந்தப் புல் என்பதும் முக்கியம். தோடர் தங்கள் பால்மனைக் கோயில்களுக்குக் கூரை வேய, சதுப்பு ஓரங்களில் மட்டும் வளரும் ஒரு புல்லைப் பயன்படுத்துகிறார்கள். தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921இல் கையேடு எழுதிய கே. ரங்காச்சாரியின் பெயர் அதன் தாவரப் பெயரில் இருக்கிறது. நீலகிரிக்கே உரிய அந்தப் புல், சதுப்புகள் சுருங்கச் சுருங்க அரிதாகிவிட்டது. கூரை மாற்றும் முறை வரும்போது தோடர் ஆண்கள் அதைத் தேடி மேற்கே முன்பைவிட அதிக தூரம் நடக்கிறார்கள். அறுத்துக் கட்டிய புல்லைத் தலையில் வைத்து அதே வழியே திரும்புகிறார்கள்.